கிடைத்த இடம்

ஷார்ஜா விமான நிலையம், சரக்குக் கூடம், மூன்றாம் குளிரறை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி. நள்ளிரவிலும் முப்பத்தெட்டு.
உள்ளே எழுபத்திரண்டு தாழைக் கன்றுகள்
கறுப்பு வலைக்குள் மடல் மடக்கி.
பெட்டியில் 'இது மேல்பக்கம்' என்ற அம்பு
தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

என் வேலை இலையைப் புரட்டுவது.
மாவுப்பூச்சி, செதில்பூச்சி, நத்தை
இருந்தால் முதல் கட்டம்,
இல்லையென்றால் இரண்டாம் கட்டம்.
பதினொரு வருடமாக உலகம் எனக்கு
இந்த இரண்டு கட்டங்கள்தான்.

ஒன்றே காலுக்குக் கம்ப்ரசர் ஓய்ந்தது.
அந்த நான்கு நிமிடத்தில் கேட்டது:
கண்ணாடிக் குவளையை நகத்தால் தட்டுவதுபோல
ஒரு டிக்.
பிறகு இரண்டு.
பூச்சி என்றான் ரொடெல்.
வால்வைப் பார்க்கச் சொல்லு என்றார் ஷம்ஸா.

நாற்பத்தோராவது கன்று.
மடலும் தண்டும் சேரும் இடுக்கில்
ஒரு தேக்கரண்டித் தண்ணீர்,
எந்த நாட்டு மழையோ.
அதில் இடுப்புவரை முங்கி
முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு
தவளை.
என் கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்து
ஓரமாக இன்னும் கொஞ்சம் இடம் விடும்.

பத்தாம் வகுப்பில் கருப்பொருள் அட்டவணை
மனப்பாடம் செய்தவன் நான்.
தாழை நெய்தலில் வரும்.
தவளைக்கு எந்தத் திணையும் ஒதுக்கிய நினைவில்லை.
படிவத்திலும் கட்டமில்லை.

பதினொரு வினாடி பதிவு செய்து
பெனடிக்டாவுக்கு அனுப்பினேன்.
இருபது வருடமாகத் தாழை மடலுக்குள் டார்ச் அடிப்பவர்.
அந்த நேரத்திலும் விழித்திருந்தார்.
விரல் நுனி வட்டமா, வெட்டியதுபோலவா?
செவிப்பறை தெரிகிறதா?
கால்சவ்வு எத்தனையாவது கணுவரை?
தொடை மடிப்பில் என்ன நிறம், பொறுமையாகப் பாருங்கள்.

நத்தை ஓட்டை அளக்கும் காலிப்பரால் அளந்தேன்.
மூக்கிலிருந்து பின்முனைவரை
பத்தொன்பது புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
தொடை மடிப்பில் நீலம்.
உட்கார்ந்தால் மறைந்துவிடும் நீலம்,
யாருக்காக வைத்திருக்கிறதோ.

வெகுநேரம் 'டைப் செய்கிறார்' என்றே காட்டியது.
கடைசியில் வந்தது ஒரே வரி:
இது என் பட்டியலில் இல்லை. எந்தக் காடு?

எந்தக் காடு.
ரசீது சிங்கப்பூர்.
சான்றிதழில் மூன்று தோட்டம், ஒரே முத்திரை.
இறக்குமதிக்காரர் போனை எடுக்கவில்லை.
வேரில் ஒரு துளி மண் இருந்திருந்தால்
அதுவாவது சொல்லியிருக்கும்.
வேரில் மண் இருக்கக்கூடாது என்பது விதி.
கழுவாத கன்றைத் திருப்பி அனுப்புகிறவன்
நான்.

உயிரோடு உள்ளே விட முடியாது.
திருப்பி அனுப்ப, திரும்பும் திசை தெரியாது.
ரோலாவில் விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடையில்
குழந்தைக்குப் பல் முளைக்கையில் ஈறில் தடவும் ஜெல் வாங்கினேன்.
எத்தனை மாதக் குழந்தை என்று கேட்டார் கடைக்காரர்.
தெரியவில்லை என்றேன்.

பெனடிக்டா சொன்னபடி வயிற்றில் தடவினேன்.
கம்ப்ரசர் மறுபடி ஓய்ந்திருந்தது.
நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இது வாயை மூடிக்கொண்டே இருந்தது.
கெடுத்த காது
என்னுடையது.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வந்தது.
தவளைக்கு லத்தீனில் பெயர்,
தட்டும் ஒலியைக் குறிக்கிற ஒரு சொல்.
சேகரித்தவர்: என் பெயர், ஓர் எழுத்து குறைவாக.
வாழிடம்: அறியப்படவில்லை.
கிடைத்த இடம்: ஷார்ஜா, சரக்குக் கூடம், மூன்றாம் குளிரறை.
படத்தில் மணல் நிறத்தின் நடுவே
ஒரே ஒரு கரும்புள்ளி.
ஒரு மழைக்காட்டு உயிரின் மொத்தத் தேசம்
அவ்வளவுதான்.

ஷம்ஸா அதை அச்செடுத்துக்
கையுறைப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தார்.

அந்தப் பதினொரு வினாடி என் போனில் இருக்கிறது.
புதுக் கன்று வந்தால்
கம்ப்ரசர் ஓயக் காத்திருந்து
ஒருமுறை ஒலிக்கவிடுவேன்.
ரொடெல் சிரிப்பான். ஆனால்
மூச்சை அடக்கிக்கொண்டு அவனும் கேட்பான்.

நேற்றுக் கொழும்பிலிருந்து ஆந்தூரியம், நூற்றிருபது.
நான்கு நிமிடம்.
இரண்டாம் கட்டம்.